எது சிபியுவைத் தின்கிறது, எது ரேமை அடைக்கிறது: உட்கார்ந்து பார்க்கிற முறை

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். நாலு சிஸ்டம், இரண்டு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், அவ்வளவுதான். ஆனி மாதம் வந்தால் நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு பேனர், நோட்டீஸ் என்று ஒரு பக்கம் வேலை வந்து விழும். ஆவணி முகூர்த்தத்துக்கு இப்போதே பத்திரிகை அடித்து வைத்துவிடலாம் என்று இன்னொரு பக்கம் ஆள் வந்து நிற்பார்கள். அப்படி ஒரு சாயங்காலம் இரண்டாவது சிஸ்டம் திணற ஆரம்பித்தது. மவுஸை நகர்த்தினால் ஐந்து விநாடி கழித்து அம்புக்குறி நகர்கிறது. ப்ரூஃப் பார்க்க வந்த அண்ணாச்சி “எய்யா, இன்னும் எம்புட்டு நேரம் ஆவும்? கடைசி பஸ்ஸைப் புடிக்கணும்” என்கிறார். கடையில் உதவிக்கு இருக்கிற என் சித்தி மகன், ஓடுகிற புரோகிராம்களைப் பட்டியல் போட்டுக் காட்டுகிற டாஸ்க் மேனேஜரைத் திறந்தான், பட்டியலில் மேலே டிசைன் சாஃப்ட்வேர் 25 சதவீதம் என்று நின்றது, “இதுதான் தின்னுது” என்று எண்ட் டாஸ்க் அடித்துவிட்டான். சேமிக்காத பத்திரிகை அத்தோடு போனது. சிஸ்டமோ அப்புறமும் திணறிக்கொண்டுதான் இருந்தது.

உண்மையில் அந்த டிசைன் சாஃப்ட்வேர் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. கோளாறு பண்ணியது பட்டியலில் கண்ணுக்கே படாத இடத்தில் இருந்த வேறொரு சின்ன புரோகிராம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒரு வழி இருக்கிறது. பேப்பரில் பாபநாசம் அணை நிலவரம் பார்ப்போம் இல்லையா, நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று. நீர்வரத்து ஒரு மழைக்கு எகிறும், மறுநாள் படுத்துவிடும். நீர்மட்டம் அப்படியில்லை, ஏறினது ஏறினபடி நிற்கும், திறந்துவிட்டால்தான் இறங்கும். சிபியு, அதாவது வேலையைச் செய்கிற பிராசசர், அதன் பயன்பாடு நீர்வரத்து மாதிரி. ரேம், அதாவது ஓடுகிற புரோகிராம்கள் தங்கள் சாமான்களை வைத்துக்கொள்கிற தற்காலிக இடம், அது நீர்மட்டம் மாதிரி. ஒரே ஒரு நாள் நிலவரத்தைப் பார்த்துவிட்டு கார் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா வராதா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லிவிடுகிறோம்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் விண்டோஸ், ஏனென்றால் என் கடையில் வந்து புலம்புகிறவர்களில் பெரும்பாலானோர் அதில்தான் இருக்கிறார்கள்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் நேராகத் திறக்கும். கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி, நீலத் திரை வந்து, அதில் தேடி எடுக்கிற சுற்றுவழி வேண்டாம். திணறுகிற சிஸ்டத்தில் ஒவ்வொரு கிளிக்கும் ஒரு யுகம். பட்டியல் சுருக்கமாக ஐந்தாறு பெயரோடு மட்டும் தெரிந்தால் கீழே மோர் டீடெயில்ஸ் என்பதை அழுத்தி முழுசாக்கிக்கொள்ளுங்கள். சிபியு என்ற தலைப்பின் மேல் கிளிக் செய்தால் அதிகம் தின்கிறது மேலே வரும். மெமரி தலைப்பில் கிளிக் செய்தால் ரேம் கணக்குப்படி அடுக்கும். பட்டியல் விநாடிக்கு ஒரு தடவை மாறி மாறிக் குதிக்கும், எதையாவது கிளிக் செய்யப் போவதற்குள் அது இடம் மாறிவிடும். அதற்கு ஒரு கைவேலை இருக்கிறது: கண்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் பட்டியல் அப்படியே நிற்கும், விட்டால் மறுபடி ஓடும். இது தெரியாமலேயே வருஷக்கணக்கில் பட்டியலைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த 25 சதவீதத்துக்கு வருகிறேன், அதில்தான் பலரும் ஏமாறுகிறோம். கோர் என்பது பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பிரிவு, டாஸ்க் மேனேஜரில் 100 என்பது அந்த எல்லா கோரும் சேர்ந்து. விண்டோஸ் தன் கணக்கில் எண்ணுகிற கோரைத்தான் லாஜிக்கல் பிராசசர் என்று காட்டும். உங்கள் சிஸ்டத்தில் நாலு லாஜிக்கல் பிராசசர் இருந்தால், ஒரு புரோகிராம் ஒரே ஒரு கோரை முழுசாகப் பிழிந்து எடுத்தாலும் பட்டியலில் 25 என்றுதான் தெரியும். எட்டு இருந்தால் 12.5தான் தெரியும். பல பழைய சாஃப்ட்வேர்கள் ஒரு நேரத்தில் ஒரு கோரில்தான் ஓடும், அவற்றுக்கு மற்ற கோர்கள் சும்மா இருந்தும் பிரயோஜனமில்லை. அதனால் “மொத்தமே முப்பது சதவீதம்தான் காட்டுது, ஆனா ஆமை மாதிரி நகருது” என்று யாராவது சொன்னால் நான் முதலில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், சிபியு கிராஃப் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர்ஸ் என்று மாற்றிப் பார்க்கச் சொல்வேன். அங்கே கட்டம் கட்டமாக ஒவ்வொரு கோரும் தனித்தனியாகத் தெரியும். ஒன்று மட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டு மற்றதெல்லாம் தரையில் கிடந்தால் விஷயம் புரிந்துவிடும். வேலை ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி ஓடினால் கட்டங்களில் அது பரவிக்கூடத் தெரியலாம், அப்போது மொத்த எண் 25-ஐ விட்டு நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள். என் சித்தி மகன் கொன்ற சாஃப்ட்வேர் அந்த நேரம் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டிருந்தது. 25-லேயே நின்றதற்கு அதுதான் காரணம், இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் முடித்திருக்கும்.

எனவே சிபியுவைப் பொறுத்தவரை நான் கேட்கிற கேள்வி, எவ்வளவு என்பதை விட எவ்வளவு நேரமாக என்பதுதான். ஃபைல் திறக்கும்போது, பிடிஎஃப் ஆக்கும்போது, வீடியோ கன்வெர்ட் பண்ணும்போது 90, 100 என்று எகிறுவது நல்லதுதான், வாங்கின பிராசசர் வேலை செய்கிறது என்று அர்த்தம். நீங்கள் எதுவும் செய்யாமல் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் ஒன்று அதே எண்ணில் நின்றால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பொங்கலுக்கு நாலு நாள் கடையைப் பூட்டிவிட்டுத் திறக்கிற அன்று எல்லா சிஸ்டமும் அரைமணி நேரம் படுத்தும். விண்டோஸ் அப்டேட், ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள், சர்ச் இண்டெக்ஸர் எல்லாம் விட்டுப்போன பாக்கியைச் சேர்த்து முடிக்கப் பார்க்கும். விடுங்கள், முடித்துவிட்டுத் தானே அடங்கும். அதை நடுவில் கொன்றால் பிறகு மறுபடி ஆரம்பிக்கும்.

ஒரு தடவை மேலப்பாளையத்திலிருந்து ஒருத்தர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். “சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்னு ஒண்ணு 96 சதவீதம் தின்னுது அண்ணாச்சி, வைரஸ்தானே, அதை டெலீட் பண்ணித் தாங்க” என்றார். அது வைரஸ் இல்லை. பிராசசர் சும்மா இருக்கிற நேரத்தின் கணக்கு அது. 96 என்றால் 96 சதவீதம் வெட்டியாக இருக்கிறது என்று பொருள். டீடெயில்ஸ் பக்கத்தில்தான் இது தெரியும். இதில் எண் அதிகமாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டும்.

சர்வீஸ் ஹோஸ்ட் என்ற பெயர் இருபது முப்பது இடத்தில் வருவதைப் பார்த்தும் பயப்படுகிறார்கள். விண்டோஸின் உள்வேலைகள் அந்தப் பெயரில்தான் ஓடும். 2017-ல் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள சிஸ்டங்களில் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தனித்தனி ப்ராசஸாகவே (பட்டியலில் தனியாக ஓடுகிற ஒரு வேலையாக) பிரித்துவிட்டார்கள், பட்டியல் நீண்டதற்கு அதுதான் காரணம். ஆனால் அதே பெயரில் வேஷம் போட்டு வருகிற திருட்டு புரோகிராம்களும் உண்டு. சந்தேகம் வந்தால் ரைட் கிளிக் செய்து ஓப்பன் ஃபைல் லொகேஷன் கொடுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற சிஸ்டம்32-க்குப் போனால் பெரும்பாலும் கவலையில்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கோ டெம்ப் ஃபோல்டருக்கோ கூட்டிக்கொண்டு போனால் அன்றைக்கு வேறு வேலை வைக்காதீர்கள், முழு ஸ்கேன் போடுங்கள்.

ரேம் விஷயம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. “8 ஜிபியில் 6 போயிருச்சு” என்று அலறுகிறவர்கள் நிறையப் பேர். அணை நிறைந்திருப்பது கேடு இல்லை. விண்டோஸ் சும்மா கிடக்கிற ரேமில், அடிக்கடி தேவைப்படுகிறதை எடுத்து வைத்துக்கொள்ளும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் திறந்தால் கேஷ்டு என்று இருப்பது அதுதான். வேறு புரோகிராம் கேட்டால் அதில் பெரும்பகுதியை உடனே விட்டுக்கொடுக்கும், அவைலபிள் என்ற எண்ணிலேயே அது சேர்ந்துதான் இருக்கும். அந்தப் பக்கத்தில் நான் பார்க்கிறது இரண்டு எண்தான். ஒன்று அவைலபிள். இன்னொன்று கமிட்டட், அது 7.2/9.5 என்கிற மாதிரி இரண்டாக இருக்கும். முதல் எண், ஓடுகிற புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கி வைத்திருக்கிற மெமரி. இரண்டாவது, ரேமும் ஹார்ட் டிஸ்கில் ஒதுக்கியிருக்கிற பேஜ் ஃபைலும் சேர்ந்த எல்லை. முதல் எண் உங்கள் ரேம் அளவைத் தாண்டிப் போகப் போக, விண்டோஸ் சாமான்களை டிஸ்குக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துவர அலையும். டிஸ்க் பழைய சுழலும் வகையாக இருந்தால் அங்கேதான் மவுஸ் ஐந்து விநாடி கழித்து நகர்கிற கதை. இரண்டாவது எண்ணையே தொட்டுவிட்டால் புரோகிராம்கள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளலாம்.

உண்மையிலேயே டிஸ்குக்கு அலைகிறதா என்று உறுதி செய்ய ரிசோர்ஸ் மானிட்டர் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்திலிருந்தே அதைத் திறக்கலாம். விண்டோஸ் 10-ல் கீழே இணைப்பு இருக்கும், 11-ல் மேலே மூன்று புள்ளிக்குள் ஒளிந்திருக்கும். அதில் மெமரி பக்கத்தில் ஹார்ட் ஃபால்ட்ஸ் என்று ஒரு நிரல். பெயரைப் பார்த்து மெஷின் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், ரேமில் இல்லாததை டிஸ்கிலிருந்து எடுத்துவர எத்தனை தடவை போனது என்ற எண்ணிக்கை, அவ்வளவுதான். புதிதாக ஒரு புரோகிராம் திறக்கும்போது நூற்றுக்கணக்கில் குதிக்கும், உடனே இறங்கிவிடும். நிமிடக்கணக்கில் இறங்காமல் நின்றால் ரேம் போதவில்லை.

எந்த புரோகிராம் எவ்வளவு வைத்திருக்கிறது என்று பார்க்க டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போங்கள். நிரல் தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸ் கொடுத்து, கமிட் சைஸ் என்பதையும் டிக் செய்துகொள்ளுங்கள். வழக்கமாகத் தெரிகிற மெமரி எண், அந்த புரோகிராமுக்கென்று இப்போது ரேமில் இருக்கிற பகுதி மட்டும். டிஸ்குக்குத் தள்ளிவிட்டது அதில் வராது. கமிட் சைஸ் அது கேட்டு வாங்கின மொத்தக் கணக்கு. கசிகிற புரோகிராம்கள் ஒளிந்துகொள்வது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்காது, அதைத் தொடவும் தொடாது, தொடாததை விண்டோஸ் டிஸ்குக்கு அனுப்பிவிடும், மெமரி நிரலில் சாதுவாகத் தெரியும். கமிட் சைஸில் மட்டும் பூதம் மாதிரி நிற்கும்.

பிரவுசர் மட்டும் தனிக் கதை. குரோம் ஒவ்வொரு டேபுக்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் பெரும்பாலும் தனித்தனி ப்ராசஸ் வைத்துக்கொள்ளும், டாஸ்க் மேனேஜரில் எது எந்த டேப் என்று கண்டுபிடிப்பது சிரமம். குரோமுக்குள்ளேயே ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் அதற்கென்று ஒரு சின்ன டாஸ்க் மேனேஜர் வரும், டேபின் பெயரோடு சிபியு, மெமரி இரண்டையும் காட்டும். எட்ஜிலும் இதே கீதான். முப்பது டேபில் எந்தச் செய்தித்தளத்தின் விளம்பரம் பிராசசரைக் கறக்கிறது என்று அங்கே பார்த்து அதை மட்டும் மூடலாம்.

இனி என் இரண்டாவது சிஸ்டத்தைத் திணறடித்த அந்தச் சின்ன புரோகிராமைப் பிடித்த கதை. சாயங்காலம் ஆனால் திணறுகிறது, காலையில் ஆஃப் செய்து ஆன் செய்தால் ஜோராக இருக்கிறது. இப்படி இருந்தாலே கசிவு என்று சந்தேகப்படலாம். ஆனால் நாள் முழுக்க டாஸ்க் மேனேஜரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் கல்லாவை யார் பார்ப்பது? அதற்குத்தான் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தட்டினால் வரும். இடது பக்கம் டேட்டா கலெக்டர் செட்ஸ், அதற்குள் யூசர் டிஃபைண்டு, அதன் மேல் ரைட் கிளிக் செய்து நியூ கொடுத்து ஒரு பெயர் வைத்து, கிரியேட் மேனுவலி என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெம்ப்ளேட் வேண்டாம், அது தேவையில்லாததை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். அடுத்து பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர் என்பதை டிக் செய்து, ஆட் கொடுத்து, ப்ராசஸ் என்ற தலைப்பைப் பிரித்தால் நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் பிரைவேட் பைட்ஸ், பிராசசர் டைம் இரண்டு போதும். பிரைவேட் பைட்ஸ் என்பதை நாம் மேலே பார்த்த கமிட் சைஸின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே எந்த ப்ராசஸ் என்று கேட்கும், எது என்று தெரியாத நிலையில் எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள். பிராசசர் டைம் இங்கே ஒரு கோருக்கு 100 என்று கணக்கு, அதனால் 180, 250 என்று வந்தால் மெஷினுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. வழக்கமாக 15 விநாடிக்கு ஒரு தடவை பதியும், நாள் முழுக்க ஓட்டுவதற்கு 60 என்று மாற்றிக்கொண்டால் ஃபைல் சின்னதாக இருக்கும். முடித்த பிறகு, நீங்கள் வைத்த பெயருக்குள் இருக்கிற டேட்டா கலெக்டரின் ப்ராப்பர்ட்டீஸில் போய் லாக் ஃபார்மேட்டைக் கமா செப்பரேட்டட் என்று மாற்றினால் எக்ஸெலில் திறக்கலாம். அப்புறம் ஸ்டார்ட். சி டிரைவில் பெர்ஃப்லாக்ஸ் ஃபோல்டருக்குள் ஃபைல் சேரும்.

காலையில் ஓடவிட்டேன், இராத்திரி ஷட்டர் இறக்குமுன் திறந்து கிராஃப் போட்டேன். டிசைன் சாஃப்ட்வேர் கோடு மேலும் கீழும் மலைத்தொடர் மாதிரி போனது, ஃபைல் திறந்தால் ஏறுகிறது, மூடினால் இறங்குகிறது, ஆரோக்கியம். பிரவுசரும் அப்படியே. ஒரே ஒரு கோடு மட்டும் காலை 40 எம்பியில் ஆரம்பித்து, இறங்குவது என்றே இல்லாமல் படிக்கட்டு மாதிரி ஏறி, இராத்திரி 1.7 ஜிபியில் நின்றது. பிரிண்டரோடு சேர்ந்து தானாக இன்ஸ்டால் ஆன ஒரு உதவி மென்பொருள், இங்க் தீர்ந்துவிட்டது, புது கார்ட்ரிட்ஜ் வாங்குங்கள் என்று மூலையில் வந்து சொல்லுமே, அது. ஒவ்வொரு பிரிண்டுக்கும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது, கொடுப்பதில்லை. நோட்டீஸ் சீசனில் நாளைக்கு நூற்றுக்கணக்கில் பிரிண்ட் கொடுக்கிற சிஸ்டத்தில், 4 ஜிபி ரேமில், 1.7-ஐ இங்க் அளவு பார்க்கவே எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும்? டிரைவரை மட்டும் விட்டுவிட்டு அந்த உதவியாளரை நீக்கினேன். மறுநாள் சாயங்காலமும் மவுஸ் சொன்னபடி கேட்டது.

எதையாவது கொல்லத்தான் வேண்டும் என்றால் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த புரோகிராமுக்குள்ளேயே போய்ச் சேமித்துவிட்டு மூடப் பாருங்கள். நாட் ரெஸ்பாண்டிங் என்று காட்டினாலும் அதன் சிபியு எண் ஓடிக்கொண்டிருந்தால் ஐந்து நிமிடம் கொடுங்கள், அது வேலையில் இருக்கிறது, உங்களுக்குப் பதில் சொல்ல நேரமில்லை, அவ்வளவுதான். சிபியு பூஜ்யம், டிஸ்க் பூஜ்யம் என்று அசையாமல் கிடந்தால் எண்ட் டாஸ்க். இன்னொன்று, டீடெயில்ஸ் பக்கத்தில் செட் பிரையாரிட்டி என்று இருக்கும், அதில் ரியல்டைம் என்பதைத் தொடாதீர்கள். வேகமாகும் என்று கொடுத்து, மவுஸ் கீபோர்டு கூட வேலை செய்யாமல் பிளக்கைப் பிடுங்கியவர்களை எனக்குத் தெரியும்.

நம் ஊர் வெயிலைச் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கம் முடியாது. சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற சிஸ்டம் எந்த புரோகிராமும் தின்னாமலேயே மெதுவாகும். பிராசசர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவுக்குக் கீழே பேஸ் ஸ்பீடு, ஸ்பீடு என்று இரண்டு இருக்கும். வேலை நடக்கிற நேரத்தில், பேஸ் ஸ்பீடு 2.4 என்று இருக்க ஸ்பீடு 0.8-லேயே கிடந்தால் சாஃப்ட்வேரைத் திட்டாதீர்கள். ஃபேனில் அடைத்திருக்கிற தூசியை ஊதுங்கள், லேப்டாப்பை மெத்தை மேலிருந்து எடுத்து மேஜையில் வையுங்கள். கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போதும் பவர் சேவர் இதே வேலையைச் செய்யும்.

லினக்ஸ்காரர்களுக்குக் கொஞ்சம். அபிஷேகப்பட்டிப் பக்கம் படிக்கிற பையன்கள் உபுண்டு போட்ட லேப்டாப்போடு வருவார்கள். டெர்மினலில் டாப் என்று தட்டினால் பட்டியல் வரும், மூன்று விநாடிக்கு ஒரு தடவை மாறும். பெரிய எழுத்து எம் அழுத்தினால் மெமரிப்படி அடுக்கும், பெரிய எழுத்து பி சிபியுப்படி, எண் 1 அழுத்தினால் கோர் கோராகப் பிரியும், சின்ன எழுத்து க்யூ வெளியே வர. இங்கேயும் ஒரு கோருக்கு 100 என்ற கணக்குதான், விண்டோஸ் பழக்கத்தில் 300-ஐப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம். விர்ட் நிரலை விட்டுவிடுங்கள், அது வெறும் முகவரிக் கணக்கு, ரெஸ்தான் உண்மையில் ரேமில் இருப்பது. மேலே லோட் ஆவரேஜ் என்று மூன்று எண் இருக்கும், கடைசி 1, 5, 15 நிமிடத்துச் சராசரி. நாலு கோர் சிஸ்டத்தில் நாலுக்கு மேல் தொடர்ந்து நின்றால் வரிசையில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், டிஸ்குக்காகக் காத்திருக்கிறவர்களும் அதில் சேர்த்தி. முதல் எண் கடைசி எண்ணை விடச் சின்னதாக இருந்தால் கூட்டம் குறைந்துகொண்டிருக்கிறது. கலராக, படமாக வேண்டும் என்றால் ஹெச்டாப் போட்டுக்கொள்ளுங்கள். ரேம் மொத்தமாகத் தீர்ந்தால் லினக்ஸ் தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். நீங்கள் எதுவும் செய்யாமல் ஒரு பெரிய புரோகிராம் மறைந்துபோனால் சிஸ்டம் லாகில் அவுட் ஆஃப் மெமரி என்று வரி இருக்கிறதா பாருங்கள்.

கடைசியாக, எல்லாம் பார்த்து முடித்து, கசிவும் இல்லை, சூடும் இல்லை, சாதாரண வேலை நாளிலேயே கமிட்டட் எண் ரேமைத் தாண்டித்தான் நிற்கிறது என்றால் புது ரேம் வாங்குங்கள், வேறு வழியில்லை. ஜங்ஷன் பக்கம் கடைக்குப் போகுமுன் அதே மெமரி பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற வரியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 1 ஆஃப் 2 என்று இருந்தால் ஒன்று வாங்கிச் சொருகினால் போதும். 2 ஆஃப் 2 என்று இருந்தால் இருக்கிறதில் ஒன்றைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அப்போது கழற்றினதை எவ்வளவுக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று கடைக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.